ஒரு பாட்டுக்கு ஒரு கட்டு

சின்னவள் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். ப்ளக்கில் ஒரு பொறி தெறித்து, பாட்டு ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது. முன்னறையில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவரை யாரும் அழுதிருக்கவில்லை. சத்தம் நின்ற பிறகுதான், அனுமதி கிடைத்தது போல, மூலையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அத்தான் உள்ளே வந்தார்.

"கரண்டு போச்சா?"

"கரண்டு இருக்கு. எனக்குத்தான் பொறுமை போச்சு."

"ஏம்மா இப்படிப் பண்றே?"

அக்கா கட்டிலில் கிடந்தாள். விடிந்ததும் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். கழுத்துவரை ஆஸ்பத்திரிப் போர்வை. தலைமாட்டில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள், கல்யாண வீட்டில் வைக்கிற மாதிரி. அவற்றுக்கு நடுவில் அக்கா, யாரோ மறந்து விட்டுப்போன சாமானைப் போலச் சின்னதாக இருந்தாள்.

"அவளுக்குப் பாட்டுன்னா உயிரும்மா," என்றார் அத்தான். குரல் உடைந்திருந்தது. "நகை நட்டுன்னு எதையும் போட்டுப் பார்க்கல நான். கடைசி நாள்லயாவது அவளுக்குப் பிடிச்சதைக் கேட்டுட்டுப் போகட்டும்."

"அவளுக்குப் பிடிக்கும்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? பக்கத்துல படுத்தவன் நான். தூக்கத்துலகூட அவ கால் தாளம் போடும். வலது கால். டக்கு டக்குன்னு. பஸ்ல போறப்போ பாட்டுக் கேட்டாகூட அந்தக் கால் சும்மா இருக்காது."

"அது தாளம் இல்ல அத்தான். தையல் மெஷின். பெடல் மிதிக்கிறா."

அத்தான் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். "தூக்கத்துல பெடலாம்! வக்கீலம்மா பேசுறதைப் பாருங்க."

வக்கீல் என்பது அவளுக்கு இந்த வீட்டில் வைத்த பட்டம். அவள் படித்தது புள்ளியியல். ஆனால் வாயைத் திறந்தால் எதிர்க்கேள்வி வரும் என்பதால் வக்கீல். அவள் சரியாகச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பட்டத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிரித்து முடித்தால் பதில் சொன்னதாகக் கணக்கு.

அத்தான் குனிந்து ஒயரை எடுத்தார். கெட்ட மனுஷன் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கார் நிறுத்துமிடத்தில் வாட்ச்மேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அடிக்காத புருஷன் என்று தெருவே அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தது. அதற்கு மேல் ஒரு புருஷனிடம் என்ன எதிர்பார்ப்பது என்று தெருவுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று அவளையே ஒரு தடவை கேட்டிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை.

"எந்தப் பாட்டு பிடிக்கும்னு எனக்கு வரிசையாத் தெரியல," என்றார் அவர். "அதான் காலையில கம்பெனிக்கு போன் போட்டேன். ஆளுங்களைப் பார்த்துக்கிற பர்சனல் மேடம், அங்க போடுற பாட்டெல்லாம் அப்படியே அனுப்பி வச்சாங்க. எவ்வளவு நல்லவங்க பாரு."

சின்னவள் நிமிர்ந்தாள். அக்கா வேலை பார்த்த தையல் கம்பெனியின் பாட்டு வரிசையா? செத்த பிறகும் அதையா கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்?

அவள் அத்தானின் கையிலிருந்து ஒயரைப் பறித்து, சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் எறிந்தாள். "எடுத்து மாட்டினா நான் இங்க இருக்க மாட்டேன்."

"விடுப்பா, பாவம் அது." குரல் கட்டிலின் கால்மாட்டிலிருந்து வந்தது. அத்தானின் அக்கா. கட்டட வேலையில் ஆள் நிறுத்தி வேலை வாங்குகிறவள். ஊருக்கும் வீட்டுக்கும் மேஸ்திரி என்றே பெயர். இப்போதும் சாவு வீட்டை ஒரு தளம் போடும் நாளைப்போல நடத்திக்கொண்டிருந்தாள். யார் எங்கே உட்கார வேண்டும், யார் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று எல்லாம் அவள்தான். "மனசு ஆறலை அதுக்கு. நேத்து அக்கா காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுச்சே, அதுலேயே எல்லாம் கழுவிட்டுப் போச்சு."

"யாரு மன்னிப்புக் கேட்டது?"

"நீதான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஃபிளாஸ்க்கை எடுத்துட்டு வந்து கதவுகிட்ட நிக்கிறேன். 'காலைப் பிடிச்சுக்கோடி'ங்கிறா அவ. நீ ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு அழுவுற. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு."

சுற்றி இருந்த பெண்கள் தலையசைத்தார்கள். அந்தக் கதை அதற்குள் தெரு முழுக்கப் போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து மூன்று பேர் சின்னவளின் தோளைத் தட்டி, நல்ல காரியம் பண்ணினாய் என்று சொல்லியிருந்தார்கள். உன்னைப் படிக்கவைத்த தெய்வம், எதிர்த்து எதிர்த்துப் பேசினாய், கடைசியிலாவது காலில் விழுந்தாயே.

உண்மையில் நடந்தது வேறு.

வார்டில் சுவரில் ஒரு டிவி. நாள் முழுக்கப் பாட்டு. அக்காவின் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டிருந்தன. கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் வேண்டும். டோக்கன் லைனுக்கு, ஒரு வரிசை மெஷினுக்கு, ஒன்று. ஆகவே லைனில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியது வேறு ஏதோ பெரிய பெயர். நேற்று மதியம் ஒரு வேகப் பாட்டு வந்தபோது போர்வைக்கு அடியில் அக்காவின் வலது கால் அசைய ஆரம்பித்தது. கண் மூடித்தான் இருந்தது. நெற்றி சுருங்கி, உதடு வெளுத்து, கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "பாட்டுக்குக் கால் ஆடுது பாருங்க, நல்லதுதான்," என்று சொல்லி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனாள். நல்ல நர்ஸ்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "வலிக்குதுடி," என்றாள். "நிக்க மாட்டேங்குது. காலைப் பிடிச்சுக்கோடி."

சின்னவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைக்குள்ளும் அந்தக் கால் பிடிபட்ட பறவைபோலத் துடித்து, துடித்து, பாட்டு முடிந்ததும் ஓய்ந்தது. அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை.

இதை மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் என்ன ஆகும்? வக்கீலம்மா பேசுறதைப் பாருங்க என்பார்கள்.

"நான் மன்னிப்புக் கேக்கல," என்றாள். "கேக்குற மாதிரி நான் எதுவும் பண்ணல."

"சரிம்மா, சரி. கேக்கல," என்றாள் மேஸ்திரி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "எழுந்திரு. துணி மாத்தணும். மதியத்துக்குள்ள கம்பெனி ஆளுங்க வந்துருவாங்க."

உள்ளறையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து மேஸ்திரி அக்காவின் கல்யாணப் புடவையை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். மடிப்பு மடிப்பாக வெளுத்துப்போன புடவை. கல்யாணத்தன்றும், பிறகு யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்கும் கட்டியது. அக்காவுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை வாங்கியதும் இதே மேஸ்திரிதான்.

அறை மூலையில் பாப்பா நின்றிருந்தாள். அக்காவின் மகள். ஏழாவது படிக்கிறாள், இன்னும் பாப்பா. கையில் ஒரு துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அது என்னடி?"

"அம்மாவோட நைட்டி. இதைப் போட்டு அனுப்பலாம் அத்தை."

மேஸ்திரி வாயைப் பிளந்தாள். "நைட்டியா? நைட்டியோட யாராவது அனுப்புவாங்களா? ஊரே வந்து நிக்குது. மானம் போயிடும்."

"அம்மாவே தைச்சது."

"தைச்சதுன்னா? அவ ஆயிரம் சட்டை தைச்சா. அதையெல்லாமா மாட்டி விட முடியும்?"

சின்னவள் நைட்டியை வாங்கிப் பார்த்தாள். சாம்பல் நிறம், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. கழுத்து வட்டமாக, ஒட்டித் தைத்த ஒரு மெல்லிய பட்டி, அவ்வளவுதான். காலர் இல்லை. அக்காவின் துணி எதிலும் காலர் இருக்காது. காலையிலிருந்து இரவுவரை ஆம்பளைச் சட்டைக்குக் காலர் வைத்தவள். கம்பெனியில் அவள் பெயரே காலர்காரி. வீட்டில் காலர் வைத்த எதையும் தைக்கமாட்டாள். பாப்பாவின் ஸ்கூல் சட்டையைக்கூடக் கடையில்தான் வாங்குவாள். கேட்டால், "என் கண்ணுக்கு முன்னாடி காலரைக் காட்டாதே," என்பாள்.

ஆனால் நைட்டியின் வலது பக்கத்தில் ஒரு பாக்கெட் இருந்தது. ஆழமான பாக்கெட். வாயோரம் இரட்டைத் தையல்.

"இதைத்தான் போடுறோம்," என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு."

"மேஸ்திரிக்கா, நீங்க சாவும்போது யாராவது கல்லும் கலவைச் சட்டியும் தூக்கிட்டு வந்து உங்க தலைமாட்டுல வச்சா எப்படி இருக்கும்? அத்தான் அதைத்தான் பண்ணிட்டு இருக்காரு. இதுல நீங்க வேற அவளுக்குப் பிடிக்காத புடவையைச் சுத்தி விடணுமா?"

"படிச்ச திமிரு," என்றாள் மேஸ்திரி. கோபத்தைவிட அலுப்புத்தான் அதில் அதிகம். "அவ உழைப்புல வந்த திமிரு."

சின்னவள் நைட்டியைப் பாப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் வாசலில் பஸ் வந்து நின்றது.

கம்பெனி பஸ்ஸிலிருந்து லைன் பெண்கள் இறங்கினார்கள். சாப்பாட்டு நேரத்தில் விட்டிருக்கிறார்கள். அதற்குள் திரும்பியாக வேண்டும். எல்லோர் தலையிலும் ஒரே நீலத்துணி. அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்கள். தோளில், புருவத்தில், நூல் பஞ்சு. அவர்களுக்கு முன்னால் பர்சனல் மேடம், கையில் ஒரு பளபளப்பான பை. சின்னவளின் வயதுதான் இருக்கும்.

வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் லைன் பெண்கள் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே லைனில் உட்காரும் வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலி காலியாக விடப்பட்டது. அதில் உட்காரப் போன தெருக்காரர் ஒருவரைக் காஜா அக்கா கையைப் பிடித்து வேறு இடத்துக்கு அனுப்பினாள். சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடுகிறவள்; அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி.

பர்சனல் மேடம் பையிலிருந்து புடவையை எடுத்தார். அதே நீலம். தலைத்துணியின் நீலம். ஓரத்தில் கம்பெனியின் பெயர் நெய்திருந்தது.

"மேனேஜ்மெண்ட் சார்பா. எங்க ஆண்டுவிழாப் புடவை. இவங்க எங்க ஃபேமிலி மெம்பர் மாதிரி."

"கம்பெனியே புடவை குடுத்திருக்கு!" மேஸ்திரியின் கண் கலங்கியது. "பாத்தியா வக்கீலு? இதுக்குப் பேரு மரியாதை."

"போத்தினதும் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கட்டுமா? எங்க க்ரூப்ல போட."

"எடுங்க," என்றாள் சின்னவள். "எடுத்த கையோட போன் தெருவுல கிடக்கும்."

மேடத்தின் முகம் சிவந்தது. மேஸ்திரி தலையில் கை வைத்தாள். புடவையை யார் வாங்குவது என்று தெரியாமல் அது கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, கடைசியில் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் அத்தான், சூழ்நிலையைச் சரிசெய்ய நினைத்து, அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதையைச் செய்தார். சின்னவள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒயரை எடுத்திருந்தார். மாட்டினார். "மேடம் அனுப்பின பாட்டுத்தான்," என்றார், நன்றியோடு.

மழையில் நனைய வாயேன் என்று ஒரு ஆண் ஒரு பெண்ணைக் கூப்பிடும் பாட்டு. நல்ல மெட்டு. முரசு மாதிரி அடித்துக்கொண்டு பெட்டி அதிர்ந்தது.

சின்னவள் ஒயரை நோக்கி ஓடினாள். பாதியில் நின்றாள்.

நாற்காலி வரிசையில் யாரும் தலை நிமிரவில்லை. எல்லோரும் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்கள். ஆனால் கால்கள். வலது கால்கள். முன்பாதம் அழுந்தி, நின்று, மறுபடி அழுந்தி, கடைசியில் குதிகால் பின்னுக்கு ஒரு தட்டு, நூலை அறுக்கிற தட்டு. வரிசை முழுக்க ஒரே நேரத்தில். நடுவில் அந்தக் காலி நாற்காலியைத் தாண்டி, அடுத்த காலும் அதே மாதிரி. அழுகை ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. கால் மட்டும் ஒன்று.

"அத்தான்," என்றாள் சின்னவள். கத்தவில்லை. அதனாலேயே அவர் திரும்பினார். "அவங்க காலைப் பாருங்க."

அத்தான் பார்த்தார். முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். காலி நாற்காலி வந்ததும் அவருடைய பார்வை கட்டிலுக்குப் போனது. போர்வையின் கீழ் இரண்டு பாதங்கள், அசையாமல்.

"இவங்களுக்கும் பாட்டுன்னா உயிரா?" என்று கேட்டாள் சின்னவள்.

காஜா அக்கா முகத்திலிருந்து கையை எடுத்தாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். அதன் மேல் இன்னொரு காலை வைத்து அழுத்தினாள்.

"ஒரு பாட்டுக்கு ஒரு கட்டுங்க," என்றாள் அத்தானிடம். "பாட்டு முடியறதுக்குள்ள ஒரு கட்டு காலர் முடிச்சு அடுத்தவளுக்குத் தள்ளணும். இந்தப் பாட்டு சாயங்காலம் போடுறது. டார்கெட் விழுந்துபோச்சுன்னா இதையே திரும்பத் திரும்பப் போடுவாங்க. இது வந்தாலே யாரும் மெஷினை விட்டுத் தலை நிமிர மாட்டோம்."

"அது மோட்டிவேஷனுக்காகங்க," என்றார் பர்சனல் மேடம் அவசரமாக. "பாட்டுக் கேட்டு வேலை செஞ்சா ஸ்ட்ரெஸ் குறையும்னு ஸ்டடி இருக்கு."

"எந்த ஸ்டடி?" சின்னவள் திரும்பினாள். "நான் படிச்சதே அதுதான். சொல்லுங்க. எத்தனை பேரைக் கேட்டாங்க? பெடல் மிதிக்கிறவங்களைக் கேட்டாங்களா, பெடல் மிதிக்கிறதைப் பார்த்துட்டு இருந்தவங்களைக் கேட்டாங்களா?"

மேடம் காஜா அக்காவைப் பார்த்தார். அது சாதாரணப் பார்வை இல்லை. பெயரைக் குறித்துக்கொள்கிற பார்வை. காஜா அக்காவும் அதைப் பார்த்தாள். "குறிச்சுக்கோங்க மேடம்," என்றாள். "காலர்காரி பேரை அடிச்சுட்டு அந்த இடத்துல எழுதிக்கோங்க."

அத்தான் ஸ்விட்சை அணைத்தார். ஒயரைக் கழற்றி, முழங்கையில் சுற்றிச் சுற்றி, நிதானமாக ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ தூக்கத்துல..." என்றார்.

"தைச்சிருக்கா."

"என் பக்கத்துல படுத்துக்கிட்டா?"

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். லைன் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, கட்டிலைச் சுற்றி வந்து, போனார்கள். அவர்கள் போனபிறகு முன்னறையில் நூல் பஞ்சு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

கட்டிலை உள்ளறைக்கு நகர்த்திக் கதவைச் சாத்தினார்கள். மேஸ்திரி, சின்னவள், பாப்பா. ஈரத்துணியால் அக்காவைத் துடைத்தார்கள். மேஸ்திரி கல்யாணப் புடவையை எடுத்து உதறினாள்.

"உள்ள நைட்டி போட்டுக்கட்டும்," என்றாள் கடைசியில், யாரையும் பார்க்காமல். "மேல புடவையைச் சுத்திடுவோம். வெளிய தெரியாது."

சின்னவளுக்கு அதுவும் கோபம்தான். செத்த பிறகும் ஒளித்துவைத்துத்தான் பிடித்ததைப் போட வேண்டுமா? ஆனால் பாப்பா அதற்குள் நைட்டியைத் தலைவழியாக மாட்ட அக்காவின் கழுத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து மாட்டினார்கள். மேஸ்திரி தன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுப் பார்த்தாள். சிமெண்ட் தின்ற கை. மணிக்கட்டு வரை போயிற்று.

"இவ்வளவு பெரிசாவா வைப்பாங்க? என்னத்தைப் போட்டு வச்சா இதுல?"

"ஒண்ணும் வைக்க மாட்டாங்க அத்தை," என்றாள் பாப்பா. "வேலையிலேர்ந்து வந்ததும் கையை வச்சுப்பாங்க. அப்படியே சுவர்ல சாஞ்சு நிப்பாங்க. நான் பேசினாக்கூட எடுக்க மாட்டாங்க."

மேஸ்திரி தன் கையை மெதுவாக வெளியே எடுத்தாள். "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தரேன்னா," என்றாள். "நான்தான் இந்த வயசுல நைட்டி எதுக்குன்னேன்." பிறகு குனிந்து, அக்காவின் வலது கையை, விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பாக்கெட்டுக்குள் வைத்தாள். அதற்கு மேல் புடவையைச் சுற்றினாள்.

பாப்பா சீப்பை எடுத்து அம்மாவின் தலையை வார ஆரம்பித்தாள். வாரும்போது முனகினாள். முதலில் அழுகிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அழுகை இல்லை. ஒரு மெட்டு.

"அது என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல சித்தி. எனக்குத் தலை வாரும்போது அம்மா பாடுறது. வார்த்தை கிடையாது."

"உங்கம்மாவுக்குப் பாட்டே பிடிக்காதுடி."

"பிடிக்கும் சித்தி. இது பிடிக்கும்."

சின்னவள் கேட்டாள். மெட்டு கொஞ்ச தூரம் போய், நிற்கக்கூடாத இடத்தில் நின்றது. அடுத்தது வரும் என்று எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபோது, எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தது. அவள் கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டிப் பார்த்தாள். விரல் தப்பியது. மறுபடி தட்டினாள். மறுபடி தப்பியது. எந்தக் காலாலும் இதில் ஏறி மிதிக்க முடியாது.

"எனக்கு இதை அவ பாடினதே இல்லையே," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். யார்மேல் என்று தெரியவில்லை.

"நீங்க வந்தா எங்க உக்காருவீங்க?" என்றாள் பாப்பா, சிக்கெடுத்துக்கொண்டே. "அப்பாகூட சண்டை போடுவீங்க, கம்பெனியைத் திட்டுவீங்க, போயிடுவீங்க."

மேஸ்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "வண்டி வந்துருச்சு," என்றாள்.

வண்டி வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. பின்கதவு திறந்து, தகரத் தரையில் அக்காவைக் கிடத்தினார்கள். அத்தான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினார். பாப்பா உள்ளே ஏறி அம்மாவின் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். புடவைக்கு மேல், பாக்கெட் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். சின்னவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

டிரைவர் சாவியைத் திருகினான். எஞ்சினோடு சேர்ந்து பாட்டும் வந்தது. அவன் தினம் கேட்கிற பாட்டு ஏதோ, நேற்று நிறுத்திய இடத்திலிருந்து.

"அதை நிறுத்துங்க!" என்று சின்னவள் கத்தினாள். நடுவில் கண்ணாடி. அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் அத்தான் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. பதறிக் கையை நீட்டி, பழக்கமில்லாத அந்தப் பெட்டியில் எதையோ திருகினார். சத்தம் கூடியது. இன்னொன்றை அழுத்தினார். அடுத்த பாட்டு வந்தது. இது இன்னும் வேகம். வண்டியின் தகரம் முழுக்க அதிர்ந்தது; தரை அதிர்ந்தது; தரையில் கிடந்த இரண்டு பாதங்களும் அந்த அதிர்வில் லேசாக ஆட ஆரம்பித்தன.

சின்னவள் முன்னால் நகர்ந்து, வலது காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "பாவம், இன்னும் மன்னிப்புக் கேட்டுட்டே இருக்கா," என்றாள். மேஸ்திரி திரும்பி அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

சின்னவள் கையை எடுக்கவில்லை.